தெர்மாகோல் பெட்டியா... ஆயா வீட்டுக் கோழியா?

ராத்திரி மணி ரெண்டே கால். கரன்ட் இல்லை. வெளியே பேய் மழை. நானும் என் தம்பியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தண்ணி சுட வைத்து, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி, பழைய துண்டில் சுற்றி, ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் சொருகிக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்குள்ளே 19 முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது நாள் வயதான ஒரு உயிர். தெர்மாமீட்டர் 33 காட்டுகிறது. இருக்க வேண்டியது 37.5.

"அக்கா, இன்னொரு தடவ சுட வெக்கலாமா?"

"கேஸ் தீர்ந்துடும்டா..."

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரிகூட நான் இவ்வளவு டென்ஷனாக முழித்திருந்தது இல்லை பாஸ். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. இடம், திருவண்ணாமலை வேங்கிக்கால், எங்கள் வீட்டு ஹால்.

'இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணுக்கு கோழி முட்டைகிட்ட என்ன வேலை?'னு கேக்குறீங்களா? அதுக்கு ஒரு வருஷம் ரிவைண்ட் பண்ணணும்.

பிங்க் கலர் பாவம்

2023 தீபத்துக்கு ஊரே ஜே ஜேன்னு இருந்தது. கூட்டத்தில் ஒருத்தர் அட்டைப் பெட்டியில் கலர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். பச்சை, மஞ்சள், பிங்க். தம்பி அடம்பிடிக்க, பிங்க் குஞ்சு ஒன்றை வாங்கினோம். ஷூ டப்பாவில் பழைய துணி போட்டு, அரிசி போட்டு, தண்ணி வைத்து, ஏக மரியாதை. மூணாம் நாள் காலையில் டப்பாவின் ஒரு மூலையில் விறைத்துக் கிடந்தது. தம்பி ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

"குளுருலயே செத்துட்டிருக்கும்டி. ஆத்தா ரெக்கைக்குக் கீழ இருக்கவேண்டிய குஞ்ச டப்பாவுல போட்டா இன்னா ஆவும்?" என்றார் ஆயா. (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். தெற்கத்தி மக்கள் கன்ஃப்யூஸ் ஆக வேணாம்!)

அந்தக் கலர் குஞ்சுகள் எங்கேயிருந்து வருதுன்னு அப்புறம் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கிற ஹேட்சரியில் கழித்துக் கட்டப்படுகிற சேவல் குஞ்சுகள். முட்டையும் போடாது, கறிக்கோழி மாதிரி சீக்கிரம் எடையும் ஏறாது. அதனால் பிறந்த அன்றைக்கே அது 'வேஸ்ட்'. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஜெர்மனி 2022 ஜனவரியில் இந்தச் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம்ம ஊரில் அதில் கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அடுத்த தீபத்துக்குள் ஒரு குஞ்சையாவது ஒழுங்காகப் பொரிக்க வைத்து, ஒழுங்காக வளர்த்துக் காட்டணும். படிக்கிறது ட்ரிபிள் ஈ. ஒரு பெட்டிக்குள் சூட்டை 37.5 டிகிரியில் நிறுத்தத் தெரியாதா என்ன?

தெரியாதுங்கிறது அப்புறம்தான் தெரிந்தது.

மீன் பெட்டி இன்குபேட்டர்

மீன் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி (மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் நாற்றம் போகலை). உள்ளே ரெண்டு 40 வாட்ஸ் குண்டு பல்பு. ஒண்ணு ஃப்யூஸ் போனாலும் இன்னொண்ணு எரியணும்னு பேரலல் கனெக்‌ஷன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின ஒரு ஃபேன். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற சின்ன டெம்பரேச்சர் கன்ட்ரோலர். சூடு 37.3-க்கு இறங்கினால் பல்பு எரியும், 37.8 வந்தால் அணையும். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணி. மேலே கண்ணாடி ஜன்னல். பார்க்க நாசா ரேஞ்சுக்கு இருந்தது.

முட்டை வைக்காமல் ரெண்டு நாள் ட்ரயல் ஓட்டினேன். நல்லவேளை! சென்சாரை பல்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அது சமர்த்தாக 37.5 காட்டுகிறது, எதிர் மூலையில் வெறும் 35. ஃபேனைத் திருப்பி வைத்து, சென்சாரை முட்டை இருக்கும் உயரத்துக்கு இறக்கியபிறகுதான் எல்லா மூலையும் ஒரே கணக்குக்கு வந்தது. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து செக் பண்ணினால், கன்ட்ரோலரே அரை டிகிரி தப்பு! நீங்கள் யாராவது செய்வதாக இருந்தால் இந்த ரெண்டு நாளை மட்டும் கட் அடிச்சுடாதீங்க. கோழி முட்டை விஷயத்தில் ஒரு டிகிரி கூடுதல் என்பது, குறைவதைவிட மோசம். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு தாங்கும். சூடு ஏறினால் அவ்வளவு சுலபமாகத் தாங்காது.

அடுத்தது முட்டை. கடையில் விற்கிற வெள்ளை முட்டையை வைத்தால் குஞ்சு வருமா? வராது. முட்டைப் பண்ணையில் சேவலே கிடையாது. 'ஓடு பழுப்பா இருக்கே, நாட்டு முட்டைதானே'ன்னும் நம்பிட வேணாம். பழுப்பு முட்டை போடுகிற பண்ணைக் கோழி ரகங்களும் இருக்கு. சேவலோடு மேய்கிற கோழியின் முட்டை வேணும். அதுவும் ஒரு வாரத்துக்குள் போட்டது, ஃப்ரிட்ஜில் வைக்காதது, கழுவாதது. முட்டை ஓட்டின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அது வழியாகக் கிருமிக்கு ஃப்ரீ பாஸ்.

ஆயாவின் தெருவில் அலைந்து 14 முட்டை சேர்த்தேன். பத்து போதாமல் இருந்தது. 'நாட்டு முட்டை' போர்டு போட்ட ஒரு கடையில் வாங்கிப் போட்டு 24 ஆக்கினேன்.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி ஆன். கேலண்டரைப் பார்த்தேன். 21 நாள் கழித்து டிசம்பர் 13. திருக்கார்த்திகை தீபம்! சத்தியமாகப் ப்ளான் பண்ணலை மக்களே.

போட்டிக்கு வந்த கருப்பி

ஆயா வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடி இது, மீன் பொட்டியில முட்டைய வெச்சிக்கினு இருக்கிற? எங்க கருப்பி நாலு நாளா அடைக்கு உட்காந்து கொக்கு கொக்குன்னு கத்திக்கினு இருக்குது. அதுக்கு வெச்சிருக்கலாம் இல்ல?"

அப்புறம் அவரே சவால் மாதிரி அன்றைக்கு ராத்திரி கருப்பிக்கும் அடை வைத்தார். மூங்கில் கூடை. அடியில் சாம்பல், மேலே வைக்கோல். ஒற்றைப்படையில் 11 முட்டை. கூடை ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடாமல் இருக்கவாம். ட்ரிபிள் ஈ மூளை உடனே 'ஆணிக்கு எர்த்திங் எங்கே ஆயா?' என்று கேட்டு, முறைப்பு வாங்கிக்கொண்டது. சாம்பல் மேட்டர் மட்டும் உண்மை. அடைக்கோழியைப் பாடாய்ப் படுத்துகிற பேன், செள்ளு அதில் அடங்கும்.

இந்தப் பக்கம் எங்கள் லைஃப் ஸ்டைலே மாறிப்போச்சு. முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கரு ஓட்டின் ஜவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் (பேனா கூடாது, மை உள்ளே இறங்கும்). ஒரு நாளைக்கு அஞ்சு தடவை திருப்பல். காலேஜ் நேரத்தில் அந்த டியூட்டி அம்மா தலையில். "இதுக்கு இன்டர்னல் மார்க் ஏதாச்சும் போடுவாங்களாடி?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினார்.

கருப்பியோ அதே வேலையை, அலாரம் இல்லாமல், அலகாலேயே ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருந்தது. ஓரத்தில் இருக்கிற முட்டையை நடுவுக்கும், நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றும். நான் ஃபேன் வைத்துச் செய்த வேலை! ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை எழுந்து போய், தண்ணி குடித்து, தின்று, மண்ணில் புரண்டு, கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். அந்தக் கால் மணி நேரக் குளிர்ச்சியில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

இந்த மெஷின் ஐடியா ஒன்றும் புதுசு இல்லை. எகிப்தில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே செங்கல் சூளை மாதிரி அறைகள் கட்டி, சாணத்தை எரித்து ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்களாம். சூடு சரியா இல்லையான்னு இமை சொல்லிவிடும். அந்த ரகசியத்தைப் பிடிக்கணும்னு பிரான்ஸில் ரோமர் என்ற விஞ்ஞானி மண்டையை உடைத்துக்கொண்டு, எரு மட்குகிற சூட்டில் முட்டை பொரிக்க வைத்து, 1749-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். தன் பேரிலேயே தெர்மாமீட்டர் அளவுகோல் வைத்திருந்த மனுஷன் அவர்! அவருக்கே தண்ணி காட்டிய மேட்டர், பாஸ்.

கூமுட்டை யாரு?

ஏழாம் நாள் ராத்திரி. ஹாலில் லைட் எல்லாம் ஆஃப். செல்போன் டார்ச்சின் மேல் ஒரு அட்டைக் குழாயை நிறுத்தி, அதன் வாயில் முட்டையின் அகலமான பக்கத்தை வைத்தோம்.

தம்பி மூச்சு விடலை. ஆரஞ்சு வெளிச்சத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி எட்டுக்கால் பூச்சி மாதிரி சிவப்பு நரம்புகள். கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தப் புள்ளி துள்ளுகிறது! அடை வைத்த ரெண்டாம் நாளிலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, நம்ம உள்ளங்கையில் பார்ப்பது வேறு.

அஞ்சு முட்டைகளில் மட்டும் ஒன்றுமே இல்லை. வெறும் மஞ்சள் வெளிச்சம். இதுதான் அசல் 'கூமுட்டை'. க்ளாஸில் டெய்லி நாலு பேரைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்கிறோமே, அதற்கு நிஜ அர்த்தம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அஞ்சுமே அந்தக் கடை முட்டைகள்!

ஆக, கையில் 19.

மறுநாள்தான் அந்தப் புயல். ராத்திரி பத்து மணிக்குப் போன கரன்ட், அடுத்த நாள் மதியம் ஒரு மணிக்குத்தான் வந்தது. பதினைந்து மணி நேரம். பெட்டியைக் கம்பளியால் மூடி, சுடுதண்ணி பாட்டில்களை மணிக்கொரு தரம் மாற்றியும் சூடு ஒரு கட்டத்தில் 31 வரை இறங்கியது. விடியற்காலையில் குடையை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்கு ஓடினேன். கொட்டாய் ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயா கூடையைத் தூக்கி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். கருப்பி ரெக்கையை விரித்து, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதுக்கு கரன்டும் வேணாம், பாட்டிலும் வேணாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அது பொறாமையா, தூக்கமான்னு தெரியலை.

அன்று சாயங்காலம் அந்தக் கவலையெல்லாம் சுருங்கிப்போனது. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடி, குழந்தைகளோடு சேர்த்து ஏழு பேர் இறந்துபோனார்கள். நாங்கள் தினமும் பார்க்கிற மலை. ஊரே பேச்சு மூச்சு இல்லாமல் இருந்தது. ரெண்டு நாள் நான் பெட்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. முட்டை திருப்புவதைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான்.

பத்தாம் நாள் டார்ச் அடித்தபோது நாலு முட்டைகளில் நரம்புகள் கலைந்து, வெறும் ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. கரு இறந்துவிட்டதற்கான அடையாளம் அது. 15 மிச்சம்.

கையை வெக்காதே!

பதினெட்டாம் நாள், டிசம்பர் 10. இன்னும் ஒன்று நின்றுபோயிருக்க, 14 முட்டைகள் ஃபைனலுக்குப் போயின. இந்த நாளோடு திருப்புவதை நிறுத்திவிடணும். குஞ்சு உள்ளே தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுபோய், உடைத்து வர ரெடியாகிறது. ஈரப்பதத்தை 50 சதவீதத்திலிருந்து 65, 70-க்கு ஏற்றணும். மூடியைத் திறக்கவே கூடாது. மூணு நாள். இன்ஜினீயருக்கு இதைவிட ஒரு தண்டனை கிடையாது பாஸ். எதையாவது திருகிக்கொண்டே இருந்தால்தான் நமக்குத் தூக்கம் வரும்.

12-ம் தேதி மத்தியானம் பெட்டிக்குள்ளிருந்து 'கீச்'. முட்டை உடையவே இல்லை, ஆனால் சத்தம் வருது! காற்றறைக்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சை இழுத்தவுடனே குஞ்சு பேச ஆரம்பிக்கும். ஆயா வீட்டில் கருப்பி அதுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மெதுவாக, 'க்ரூக்... க்ரூக்'. எங்கள் பெட்டியில் பதில் சொல்ல யாரும் இல்லை. தம்பி மட்டும் கண்ணாடியில் வாயை வைத்து 'க்ரூக்' என்றான்.

ராத்திரி ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். அலகு நுனியில் இதுக்குன்னே ஒரு குட்டி முள் இருக்கும். உடைத்து வந்த சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். முதல் விரிசலுக்கும் முழுசாக வெளியே வருவதற்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. ஓட்டின் உள்பக்க ஜவ்வில் ஓடுகிற ரத்தத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கிற மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. வெளியே பார்த்தால் 'மாட்டிக்கிச்சு, பாவம்' மாதிரியே இருக்கும்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு குஞ்சு ஓட்டை போட்டுவிட்டு ஏழு மணி நேரமாக அசையாமல் இருப்பதைப் பார்த்து என்னால் தாங்க முடியலை. மூடியைத் திறந்தேன். முட்டையை எடுத்து, நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். ஜவ்வைத் தொட்டதும் ரத்தம். பயந்துபோய் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அது அடங்கிப்போச்சு.

அதோடு முடியலை. நான் மூடியைத் திறந்து வைத்திருந்த அந்த நேரத்தில் உள்ளே இருந்த ஈரம் எல்லாம் போய்விட்டது. ஈரம் போனால் ஜவ்வு காய்ந்து குஞ்சின் மேலேயே பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி இறுகும். முழுசாக வளர்ந்த ரெண்டு குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே இறந்ததற்கு அதுதான் காரணமா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

"தானா வர்றது வரும்டி. நீ ஏன் கைய வெச்ச?" ஆயா திட்டக்கூட இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

மீதி பதினொன்றும் தானாகவே வந்தன. கடைசிக் குஞ்சு ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தபோது சாயங்காலம் அஞ்சரை மணி. ஆறு மணிக்கு மலை மேல் தீபம். மொட்டை மாடியில் எல்லோரும் அரோகரா போட, நானும் தம்பியும் ஈரக் குஞ்சுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தோம்.

ஸ்கோர் போர்டு? பெட்டி, 24-க்கு 11. கருப்பி, 11-க்கு 10. ஒரே ஒரு கூமுட்டை. கமென்ட் தேவையில்லை.

சூடு பத்தலைன்னு குஞ்சே சொல்லும்

பொரித்தவுடனே தீனி போடணும்னு அடிச்சுப் பிடிச்சு ஓட வேணாம். வயிற்றுக்குள் வாங்கிய மஞ்சள் கருவே ரெண்டு நாள் தாங்கும். ஹேட்சரிகள் ஒரு நாள் குஞ்சைத் தட்டில் அடுக்கி வெளியூருக்கு லாரியில் அனுப்ப முடிவதே இதனால்தான். உடம்பு காய்ந்து, பஞ்சு மாதிரி ஆனபிறகு பெட்டியை விட்டு எடுத்தால் போதும்.

எடுத்து எங்கே விடுவது? ஒரு பெரிய அட்டையை வட்டமாக வளைத்து வேலி. வட்டம் ஏன்னா, மூலை இருந்தால் குளிருக்கு எல்லாம் அங்கே போய் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். தரையில் உமி, அதன் மேல் முதல் ரெண்டு மூணு நாளைக்குச் சாக்கு. வழவழ பேப்பர் போட்டால் கால் வழுக்கி, ரெண்டு பக்கமும் விரிந்து, நிரந்தர நொண்டி ஆகிவிடும். நடுவில் பல்பு. முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு டிகிரி குறைத்துக்கொண்டே போகணும். பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக் கட்டினால் வேலை முடிந்தது.

உண்மையைச் சொன்னால் இதுக்கு தெர்மாமீட்டரே வேணாம். எல்லாம் பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கேயோ காற்று அடிக்கிறது. அங்கங்கே பரவலாகப் படுத்துக் கிடந்தால் சூப்பர். எங்கள் பிங்க் குஞ்சு அந்த மூணு நாளும் கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் பசின்னு நினைத்து அரிசி போட்டோம்.

தண்ணித் தட்டில் கூழாங்கல் போடுங்கள். இல்லாவிட்டால் தட்டிலேயே மூழ்கும், அவ்வளவு குட்டி. ஒவ்வொன்றாக எடுத்து அலகைத் தண்ணியில் ஒரு தடவை தொட்டு விட்டால் பழகிக்கொள்ளும். தீனிக்கு வெறும் நொய் பத்தாது. குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும், அதைத்தான் முதல் வாரங்களில் போடணும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று டெய்லி பார்த்து, வெதுவெதுப்பான தண்ணியில் பஞ்சை நனைத்துத் துடைக்கணும். அருவருப்பா இருக்கா? ஒரு குஞ்சு அடைத்துக்கொண்டே செத்துப்போவதைவிட இது பரவாயில்லை. எங்களுடையதில் ஒன்று பிறவியிலேயே சோணி. ரெண்டாம் நாள் போய்விட்டது. மிச்சம் பத்து.

ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து. கிராமத்தில் 'கோழிக்கு சீக்கு வந்து கொத்துக் கொத்தா போயிடுச்சு' என்று சொல்வார்களே, பெரும்பாலும் அது இதுதான். இங்கிலீஷில் ராணிக்கெட் நோய். 1920-களில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட்டில் கண்டுபிடித்ததால் அந்த ஊர் பேரே நிலைத்துப்போச்சு. பாவம், அழகான மலை ஊர்! வந்தபிறகு வைத்தியம் கிடையாது. மருந்தை ஐஸில் வைத்துத்தான் எடுத்துவரணும், வெயிலில் விட்டால் வேஸ்ட். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எந்த நாளில் எந்த மருந்துன்னு சொல்வார்கள். திருவண்ணாமலையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இதைப் பார்ட் டைம் தொழிலாகவே யோசிக்கிற ஆட்கள் முதலில் அங்கே ஒரு எட்டு போங்க. யூடியூப் அப்புறம்.

யார் அம்மா?

தீபத்துக்கு மறுநாள் ராத்திரி ஆயா ஒரு யோசனை சொன்னார். கருப்பி பொரித்த பத்தில் ஒன்று அதன் காலடியிலேயே மாட்டிச் செத்துவிட்டது. 'கோழி மிதிச்சு குஞ்சு சாகாது'ங்கிற பழமொழியை அன்றைக்கு ஆயாகிட்ட யாரும் சொல்லலை. "உன்னுதுல அஞ்சைக் கொண்டா. இருட்டுல ரெக்கைக்குக் கீழ தள்ளி உட்டா, விடிஞ்சா எல்லாம் அத்தோடதுன்னு நெனச்சுக்கும்" என்றார். பொரித்து ஓரிரு நாளுக்குள்தான் இது நடக்குமாம். அப்படியே நடந்தது. காலையில் கருப்பி 14 குஞ்சுகளோடு கம்பீரமாக வாக்கிங் போனது. எண்ணிக்கை எல்லாம் அதுக்குக் கவலை இல்லை.

மிச்ச அஞ்சைத் தம்பி தர மாட்டேன் என்றான். அதுகளும் அவனை விடலை. அவன் செருப்புக்குப் பின்னாலேயே வரிசையாக ஓடும். பிறந்தவுடன் எது நகர்ந்து போகிறதோ அதையே அம்மா என்று பதிய வைத்துக்கொள்ளும் குணம் இது. வாத்துக் குஞ்சுகளைத் தன் பின்னால் அலையவிட்டு இதை ஆராய்ந்த கொன்ராட் லாரென்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எங்கள் வீட்டில் லாரென்ஸ் எட்டாம் க்ளாஸ் படிக்கிறார்.

அஞ்சாவது வாரம் ரெண்டு கூட்டத்தையும் ஆயா வீட்டு வாசலில் ஒன்றாக மேய விட்டோம். மத்தியானம் மேலே ஒரு நிழல் ஓடியது. கருப்பி தொண்டையில் ஒரு நீளச் சத்தம் போட்டது. அவ்வளவுதான், அதன் 14-ம் கண் இமைக்கும் நேரத்தில் செடிக்கு அடியில், கூடைக்கு அடியில் காணாமல் போச்சு. அந்த 14-ல் எங்கள் பெட்டியில் பிறந்த அஞ்சும் உண்டு. செருப்பைத் துரத்தி வளர்ந்த அஞ்சு மட்டும் நடு வாசலில் நின்று, கழுத்தைச் சாய்த்து, மேலே வேடிக்கை பார்த்தன. பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

தம்பி அன்றைக்கு அழலை. நாலு குஞ்சுகளையும் ஒரு கூடையில் போட்டு, தானே கொண்டுபோய் ஆயா வீட்டில் விட்டான். கருப்பி அதுகளை ஏற்றுக்கொள்ளவில்லை, கொத்தித் துரத்தியது. ஆனால் அதன் கூட்டத்துக்கு ஓரமாகவே மேய ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் மற்றதுகள் ஓடினால் இதுகளும் ஓடக் கற்றுக்கொண்டன.

ஒன்பதில் அஞ்சு சேவல். ஆடி மாசக் கூழுக்கு ரெண்டு சேவல் குழம்பானது. தம்பி அந்த ரெண்டு நாளும் பெரியம்மா வீட்டில் இருந்தான். நான் சாப்பிட்டேனா என்று கேக்காதீங்க.

அதே ஆடியில் இன்னொன்று நடந்தது. செருப்புக் கூட்டத்தில் இருந்த ஒரு பெட்டைக்கு 'சிவப்பி' என்று பேர் வைத்திருந்தோம். பிறந்ததிலிருந்து எந்தக் கோழியின் ரெக்கைக்குக் கீழேயும் ஒரு ராத்திரிகூடப் படுத்தது கிடையாது. குண்டு பல்புதான் அதுக்கு அம்மா. பதினஞ்சு முட்டை போல இட்டு முடித்தது. ஒரு நாள் காலையில் கூடையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு 'கொக்கு கொக்கு'. ஆயா சாம்பலும் வைக்கோலும் போட்டு, ஒன்பது முட்டை வைத்தார். ஆணி, கரி, மிளகாயும் வைத்தார். நான் எர்த்திங் பற்றிப் பேசலை.

மூணாம் நாள் தம்பி சென்சாரின் ஒயரை நைஸாக அதன் வயிற்றுக்கு அடியில் சொருகினான். அது ஒரு கொத்து கொத்திவிட்டு, அலகால் ஒரு முட்டையை ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்டி, மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. கன்ட்ரோலரில் சிவப்பு எழுத்து கொஞ்ச நேரம் ஏறி இறங்கி நின்றது.

37.6.